நம் கணக்கை யார் எழுதுவது?

போன ஆண்டு மே மாதம், பிளஸ் டூ முடிவு வந்த வாரம். விழுப்புரம் மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பகத்துக்கு ஒரு தங்கை மதிப்பெண் பட்டியலோடு வந்தாள். வணிகவியல் பிரிவு. கணக்குப்பதிவியலில் 97. "அக்கா, நான் சிஏ படிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னோம். "அதெல்லாம் ரொம்பக் கஷ்டம்மா. பி.காம் சேர்ந்துக்கோ. அப்படியே குரூப் டூவுக்குப் படி."

"ஏன்க்கா கஷ்டம்?"

எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் சமூகவியலும் சமூகப்பணியும் முதுகலை வரை படித்தவர்கள், பத்து வருடமாகக் களத்தில் நிற்பவர்கள். ஆனால் அந்தப் படிப்பில் எத்தனை தாள், எவ்வளவு கட்டணம், எங்கே பதிவு செய்வது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் 'நமக்குச் சரிவராது' என்று சொல்லி ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பப் பார்த்தோம். அந்தப் பதிலைத் திருத்திக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் வேலைகளின் பட்டியல் சின்னது. ஆசிரியர், காவலர், விஏஓ, வழக்கறிஞர், கொஞ்சம் பெரிதாகக் கனவு கண்டால் ஐஏஎஸ். இதில் தவறில்லை. இடஒதுக்கீடு எங்கே இருந்ததோ அங்கே போனோம், போன இடத்தில் பிழைத்தோம். ஆனால் ஆடிட்டர் என்ற சொல் அந்தப் பட்டியலில் வந்ததே இல்லை. அது அவர்களின் வேலை என்று நாமும் நம்பிவிட்டோம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நம் கிராமங்களில் கணக்கு எழுதியவர் கர்ணம். நடைமுறையில் தந்தைக்குப் பின் மகன் என்று போய்க்கொண்டிருந்த பதவி அது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தது. அதே கிராம நிர்வாகத்தில் நம் ஆட்களுக்கும் வேலை இருந்தது. வெட்டியான் வேலை, தண்டோரா வேலை. கிஸ்தி கட்டச் சொல்லித் தெருத்தெருவாகப் பறையடித்து அறிவித்தவர் நம் தாத்தா. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று எழுதியவர் வேறொருவர். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லித் தமிழக அரசு உத்தரவிட்டதே 2022இல்தான்.

கணக்கு யார் கையில் இருந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. 1892 அரசாணையின் வழியாக நமக்குக் கிடைத்த பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்று தேடிப் போனால், நிபந்தனையை மீறிய பத்திரத்திலும் மாற்றி எழுதப்பட்ட பதிவேட்டிலும்தான் போய் நிற்போம். நிலம் பறிபோனதற்கு அடிதடி மட்டும் காரணமில்லை. எழுதுகோலும் காரணம்.

அண்ணல் அம்பேத்கரை நாம் சட்ட மேதையாகவே அறிமுகப்படுத்துகிறோம். சிலையிலும் அவர் கையில் அரசமைப்புச் சட்டம்தான். ஆனால் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ. பட்டத்துக்கு அவர் எழுதியது கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தையும் நிதியையும் பற்றி. 1923இல் வந்த அவருடைய நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. 1925இல் வந்த நூல் மாகாணங்களின் நிதி எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றியது. 1918 முதல் 1920 வரை பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர். அங்கே உடன் வேலை பார்த்த பேராசிரியர்கள் தண்ணீர்ப் பானையில் அவர் கை படக்கூடாது என்றார்கள். 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் நடத்தினார். அதாவது, கணக்காளர் ஆகப் படித்த பிள்ளைகளுக்கு அவர் வாத்தியார்.

இன்னொரு செய்தியும் உண்டு. பரோடாவில் அவமானப்பட்டு பம்பாய் திரும்பிய பிறகு, பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு தொழிலைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாத சாதி என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது. அவருக்கு இருந்த படிப்பு அந்த ஊரில் அன்று எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? படிப்பு போதவில்லை என்று யாரும் ஓடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவோம்.

ஆடிட்டர் என்றால் பணக்காரர்களுக்கு வரியை மிச்சப்படுத்திக் கொடுப்பவர் என்று தோழர்கள் சிலர் நினைக்கிறார்கள். எங்கள் பகுதியில் ஓர் அண்ணன் ஊராட்சி வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறார். 10 லட்ச ரூபாய் வேலைக்கு பில் பாஸாகும்போது வருமான வரிக்கு 1 விழுக்காடு, ஜிஎஸ்டிக்கு 2 விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். மொத்தம் 30,000 ரூபாய். இது முன்கூட்டிப் பிடித்த வரி. கட்ட வேண்டிய வருமான வரி அதைவிடக் குறைவு என்று கணக்கு தாக்கல் செய்தால் 10,000இல் மிச்சம் திரும்பி வரும். ஜிஎஸ்டியில் பிடித்த 20,000 அவர் கட்ட வேண்டிய வரியில் கழியும். அண்ணன் நான்கு வருடமாக இந்தப் பணத்தை 'ஆபீஸ் கமிஷன்' என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஜிஎஸ்டி நம்பர் எடுத்துக்கொடுத்தவர் மாதாமாதம் கூலி வாங்கினார், இதை மட்டும் சொல்லவில்லை. பழைய ஆண்டுகளுக்குத் தாக்கல் செய்யும் தேதி முடிந்துவிட்டது. அந்தப் பணம் போனது போனதுதான்.

கடன் திட்டங்களைப் பாருங்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம், அதிகபட்சம் 1.5 கோடி ரூபாய் வரை. வட்டியில் 6 விழுக்காடு மானியம். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 4 விழுக்காடு எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோரிடமிருந்து வாங்கப்பட வேண்டும் என்ற ஆணை 2012 முதல் இருக்கிறது. இவற்றை வாங்க வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது திட்ட அறிக்கை, கணக்கு, ரிட்டர்ன். அதைச் சரியாகத் தயாரித்துத் தர ஆள் இல்லாமல் எத்தனை விண்ணப்பங்கள் மேசையிலேயே நின்றிருக்கின்றன என்பதைக் களத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் அமைப்புகளையே எடுத்துக்கொள்வோம். ஓர் அறக்கட்டளை நடத்தினால் ஆண்டுத் தணிக்கை, வருமான வரி விலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கான 80ஜி. வெளிநாட்டு நன்கொடை வந்தால் அதற்குத் தனி ஆண்டறிக்கை, ஆடிட்டர் சான்றோடு. ஒரு படிவம் தாமதமானால் பத்து வருட வேலை நின்றுபோகும். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்ட நிதிக்காகத் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. நிதி வேறு இடத்துக்குப் போகிறது என்று ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம், சரி. பட்ஜெட் புத்தகத்தைத் திறந்து எந்தத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று வரிவரியாகப் படிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

சரி, படிப்புக்கு வருவோம். அந்தத் தங்கை கேட்ட பிறகு நாங்கள் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவனம், ஐசிஏஐ, இந்தப் படிப்பை நடத்துகிறது. மூன்று கட்டம். பிளஸ் டூவுக்குப் பிறகு ஃபவுண்டேஷன், 4 தாள். எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் எழுதலாம். அடுத்து இன்டர்மீடியட், 6 தாள். இரண்டு குரூப்பும் தேறிய பிறகு ஓர் ஆடிட்டரிடம் 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி. 2023க்கு முன் இது 3 ஆண்டாக இருந்தது. அதன் பிறகு ஃபைனல், 6 தாள். பட்டம் முடித்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. வணிகவியலில் 55 விழுக்காடு, மற்ற பாடங்களில் 60 விழுக்காடு இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி.

கடினமா? கடினம்தான். 2024 ஜூனில் ஃபவுண்டேஷன் எழுதியவர்களில் தேறியவர்கள் 15 விழுக்காடு. அதே ஆண்டு மே மாத ஃபைனலில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 20 விழுக்காடு. அதாவது தோற்றவர்கள்தான் பெரும்பான்மை. இதில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் தோற்கிறார்கள். அவர்கள் வீட்டில் 'அடுத்த அட்டெம்ப்ட் பார்த்துக்கலாம்' என்பார்கள். நம் வீட்டில் 'உனக்கு இது வராது' என்று விடுவோம். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

இந்தத் தேர்வில் ஒரு நல்ல விஷயம், விடைத்தாள் திருத்துபவருக்கு உங்கள் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரு கெட்ட விஷயம், தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், இந்தியில் எழுதலாம், தமிழில் எழுத முடியாது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இது பெரிய சுவர். இந்தி பேசும் மாணவருக்கு உள்ள வசதி தமிழ் மாணவருக்கு ஏன் இல்லை என்று இந்த மொழி அரசியல் பேசும் மாநிலத்தில் யாராவது உரக்கக் கேட்டிருக்கிறோமா?

பெயர் தெரியாத தேர்வு ஒரு பக்கம். நடுவில் வரும் 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் வேறு கதை. அங்கே உங்கள் பெயர் தெரியும், முகம் தெரியும். எந்த ஆடிட்டர் உங்களைச் சேர்த்துக்கொள்வார் என்பது அவர் விருப்பம். எங்களோடு தொடர்பில் இருக்கும் ஒரு தம்பி, பி.காம் முடித்து நேராகச் சேர்ந்து இன்டர்மீடியட் தேறியவர். சென்னையில் ஏழு அலுவலகம் ஏறி இறங்கினார். "சொந்த ஊர் எது?" "ஊருக்குள்ளயா, வெளியவா?" "அப்பா என்ன பண்றார்?" ஓர் அலுவலகத்தில் "மத்தியானம் எல்லாரும் ஒண்ணா சாப்பிடுவோம், வெஜ்தான், உங்களுக்கு ஒத்துவருமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். யாரும் சாதியைச் சொல்லித் திட்டவில்லை. வன்கொடுமைச் சட்டத்தில் இதற்குப் பிரிவு தேட முடியாது. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள், அவ்வளவுதான்.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, வெவ்வேறு குடும்பப் பெயர் கொண்ட விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதனால் இங்கே ஊரைக் கேட்கிறார்கள், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்கிறார்கள்.

தம்பிக்கு எட்டாவது அலுவலகத்தில் இடம் கிடைத்தது. பயிற்சிக் காலத்தில் மாதம் சில ஆயிரம் உதவித்தொகை. சென்னையில் மேன்ஷன் வாடகைக்கே அது பத்தாது. அப்பா அம்மா சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படிக்கும் பிள்ளைக்காக வகுக்கப்பட்ட ஏற்பாடு இது. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளையை நினைத்து வகுத்தது அல்ல.

இதையும் தாண்டிச் சான்றிதழ் வாங்கிவிட்டால், தொழில். இங்கே ஒரு விதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டயக் கணக்காளர் விளம்பரம் கொடுத்தோ நேரில் போயோ வாடிக்கையாளரைக் கேட்கக் கூடாது என்பது 1949 சட்டத்திலேயே உள்ள ஒழுக்க விதி. சின்னச் சின்னத் தளர்வுகள் உண்டு, அடிப்படை இதுதான். கேட்க மிக நாகரிகமாக இருக்கிறது. ஆனால் விளம்பரம் இல்லாத தொழிலில் வாடிக்கையாளர் எப்படி வருவார்? மாமா சொல்லி வருவார், சங்கத்தில் பழகியவர் சொல்லி வருவார், கோயில் கமிட்டியில் இருப்பவர் சொல்லி வருவார். சமூகவியலில் இதற்குச் சமூக மூலதனம் என்று பெயர். ஊரில் இதற்குச் சாதி என்று பெயர். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பார்த்தது. 93 விழுக்காடு முற்பட்ட சாதியினர். எஸ்சி, எஸ்டி சேர்த்து 3.5 விழுக்காடு. தணிக்கையாளரைப் பரிந்துரைப்பது இந்தக் குழுக்கள்தான்.

இதுவரை மற்றவர்களைப் பற்றிப் பேசினோம். இனி எங்களைப் பற்றி.

எங்கள் அறக்கட்டளையின் கணக்கை ஒன்பது வருடம் நகரத்தில் உள்ள ஓர் ஆதிக்கச் சாதி ஆடிட்டரிடம்தான் கொடுத்துவந்தோம். நல்ல மனிதர், குறை சொல்ல எதுவுமில்லை. மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து ஊரைச் சேர்ந்த நம் தம்பி ஒருவர் சிஏ முடித்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஓர் அறை எடுத்து அலுவலகம் போட்டார். எங்களைத் தேடி வந்து வணக்கம் சொன்னார். விதி தெரிந்தவர், வேலை கேட்கவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு எங்கள் கூட்டத்தில் என்ன பேசினோம் தெரியுமா? "புதுசா வந்திருக்கார், ஏதாவது தப்பாயிட்டா?" "ஃபண்டிங் ஏஜென்சி என்ன நினைப்பாங்க?" "பழைய ஆடிட்டர் பேருக்கு ஒரு மரியாதை இருக்கு." பின்னால் ஓர் அக்காதான் வாயைத் திறந்தார். "அம்பேத்கர் படத்தை மாட்டி வெச்சுக்கிட்டு, அவர்கிட்ட ஆலோசனை கேக்க வந்து ஓடிப்போனவங்க பேசினதையே பேசறோமே" என்றார்.

அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த நிதியாண்டில் கணக்கு அந்தத் தம்பியிடம் போனது. இரண்டாவது மாதமே, ஊழியர் சம்பளத்தில் நாங்கள் தவறாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒன்பது வருடமாக யாரும் பார்க்காதது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். தேர்வை எழுத வேண்டியது பிள்ளைகள். தேர்வுக்கு நடுவிலும் பிறகும் வரும் இடத்தைக் கட்ட வேண்டியது நாம். தொழில் செய்யும் ஒவ்வொரு ஆடிட்டரும் தன் அனுபவத்துக்கேற்ற எண்ணிக்கையில் பயிற்சியாளர்களை எடுக்கலாம். நம் ஆடிட்டர் ஒருவருக்கு நாம் வேலை கொடுத்தால் அவர் அலுவலகம் நிற்கும். அது நின்றால் அடுத்த தம்பிக்கு "ஊருக்குள்ளயா, வெளியவா" என்ற கேள்வி இல்லாத ஒரு நாற்காலி கிடைக்கும்.

எனவே மாணவர்களுக்கு: பாடப்புத்தகம், மாதிரி வினாத்தாள் எல்லாம் ஐசிஏஐ தளத்தில் இலவசம். அதன் இணைய வகுப்புகளும் இலவசம். நலிந்த பிரிவினருக்கு அந்த நிறுவனத்தின் உதவித்தொகையும் இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளில் சிஏ படிப்பின் பெயர் இருக்கிறது. அலுவலகத்தில் 'கல்லூரி இல்லையே' என்று திருப்பி அனுப்பினால் விதியைக் காட்டிக் கேளுங்கள். பயிற்சிக்கும், அலுவலகம் தொடங்கவும் என்ன திட்டம் இருக்கிறது என்று தாட்கோ மாவட்ட மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சிஏ முடியாமல் போனாலும் வழி அடைபடாது. பி.காம் பட்டதாரி ஜிஎஸ்டி நடைமுறையாளராகப் பதிவு செய்யலாம். வருமான வரி அலுவலகத்தில் கட்சிக்காரர் சார்பில் ஆஜராகவும் வணிகவியல் பட்டத்துக்கு இடமிருக்கிறது. நம் ஆசிரியர்கள், காவலர்கள், ஒப்பந்தக்காரர்கள், சென்டரிங் எடுத்துச் செய்பவர்கள், தோல் பொருள் கடைக்காரர்கள் எல்லாருக்கும் இந்த ஆள் தேவை.

அமைப்புகளுக்கு: உங்கள் கணக்கைப் பார்ப்பவர் யார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். அரசு ஊழியர் சங்கத் தோழர்களே, ஆண்டுதோறும் உங்கள் உறுப்பினர்கள் ரிட்டர்ன் போட எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு வருடம் ஒரு பிள்ளையின் சென்னை அறை வாடகையை ஊரில் இருபது பேர் சேர்ந்து கட்ட முடியாதா?

ஐசிஏஐக்கு: தமிழில் எழுத விடுங்கள். பயிற்சி உதவித்தொகையை ஒரு மனிதர் வாழக்கூடிய அளவுக்கு உயர்த்துங்கள். உங்கள் உறுப்பினர்களில் எஸ்சி, எஸ்டி எத்தனை பேர், ஆர்ட்டிகிள்ஷிப்பில் எத்தனை பேர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். ஊர்க் கணக்கையெல்லாம் தணிக்கை செய்பவர்கள் தங்கள் கணக்கைக் காட்டத் தயங்கக் கூடாது.

'இது தனிமனித முன்னேற்றம்தானே, விடுதலையா?' என்று கேட்கும் தோழர்களுக்கு: ஒருவர் ஆடிட்டர் ஆவதால் சாதி ஒழியாது. வழக்கறிஞர் ஆனதாலும் ஒழியவில்லை. ஆனால் ஒவ்வொரு வன்கொடுமை வழக்கிலும் நமக்கென்று ஒரு வழக்கறிஞர் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் நாம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும்?

அந்தத் தங்கை எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. பி.காமில் சேர்ந்தாள், ஃபவுண்டேஷனுக்கும் பதிவு செய்தாள். இந்த ஜனவரியில் எழுதினாள். தேறவில்லை, மொத்தத்தில் 12 மதிப்பெண் குறைவு. சட்டத் தாளில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. வரும் செப்டம்பரில் மறுபடி எழுதுகிறாள். இப்போது ஞாயிறுதோறும் வழக்கறிஞர் தோழர் ஒருவர் படிப்பகத்துக்கு வந்து ஒப்பந்தச் சட்டத்தை முதலில் தமிழில் விளக்கி, பிறகு ஆங்கிலத்தில் எழுதவைக்கிறார். நூறு வருடத்துக்கு முன் பாட்லிபாயில் அண்ணல் நடத்தியதும் வணிகச் சட்டம்தான் என்று அவர் சொன்னபோது, அவள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டாள்.

வகுப்பில் இப்போது நான்கு பேர். இடம் இருக்கிறது, வாருங்கள்.

ஜெய் பீம்.